பெரிய கட்டம் யாருக்கு

அந்தத் திரை வந்து இறங்கிய நாளில் நீர்க் கண்காணிப்பு அறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் உபயம். கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டது போல அகலம். நாலு சாதாரண மானிட்டரில் இருக்கிற பிக்சல் புள்ளிகள் அத்தனையும் இது ஒன்றிலேயே இருப்பதாக அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை மெதெர் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். கம்ப்யூட்டர், கேபிள் வகையறா எல்லாம் அந்த அலுவலகத்தில் அவன் பொறுப்பு. அறைக்குள் அவன் வருவதற்கு முன்பே அவன் தோளில் சுற்றிய ஒயர் வந்துவிடும்.

அதுவரை அங்கே நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர், நாலு குட்டி மானிட்டர். ஷெர்காசிக்கு வாய்க்கால் மதகுகள், தமாராவுக்கு மழையும் வெயிலும், மெதெருக்குப் பாலங்களில் மாட்டியிருக்கும் கேமராக்கள், சைகலுக்கு மலை உச்சியில் பனியாற்றின் காலடியில் கிடக்கும் ஏரிகள். வார நாட்களில் நாலு பேரும் இருப்பார்கள். சனி, ஞாயிறு என்றால் முறை வைத்து ஒருவர் மட்டும். அந்த ஒருவர் நாலு மேசையையும் சுற்றிச் சுற்றி வந்து கால் வலித்துப் போவார். இனிமேல் அந்த அலைச்சல் கிடையாது. நாலு கம்ப்யூட்டரின் கேபிளும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேபிள் திரைக்கு வரும். மலையையும் சமவெளியையும் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மெதெர் முதலில் திரையை நாலு சமக் கட்டமாகப் பிரித்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. தமாரா தலையை ஆட்டினாள், சைகல் செல்போனில் படம் எடுத்தாள். ஷெர்காசி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மாவட்டத்து மதகுகளைத் திறந்து மூடியவர். விஷயம் என்னவென்றால், சமக் கட்டத்தில் இருந்த எழுத்து ஒன்றுகூட அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச காலமாகவே கண்ணுக்குள் மோர் ஊற்றியது போல மங்கல். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். இந்த அலுவலகமும் இல்லையென்றால் பகல் முழுக்க வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. கண் தெரியாத ஆளை மதகுப் பக்கம் யார் விடுவார்கள்? ஆகவே மனிதர் சுற்றி வளைத்துப் பேசினார்.

"ஏம்ப்பா மெதெர், நாலு பேரையும் ஒரே வரிசையில உக்கார வச்சிருக்கியே. இது வீடா, பஸ் ஸ்டாண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது. வாசலுக்கு நேர் எதிரே, வீட்டின் உள்ளடங்கிய பக்கம் தோர், அது மூத்தவருக்கு. வாசலோரம் இளையவருக்கு. மலையில் அடிக்கிற யூர்ட் கூடாரமானாலும் சரி, தலைநகர் பிஷ்கேக்கில் ஒன்பதாவது மாடியானாலும் சரி, அப்படித்தான் உட்காருவார்கள். தோரில் உட்கார்ந்தவர் எழுந்து தேநீர்கூட ஊற்ற வேண்டாம், கைக்கு வரும்.

"பைகே சொல்றது சரிதான், அவர் தோர்ல இருக்கட்டும்" என்று முதலில் சொன்னவள் சைகல்தான். அந்த அறையில் அவள்தான் கடைக்குட்டி. வயதில் மூத்த ஆணை அங்கே பைகே, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

மெதெர் பெட்டியை ஏதோ திருகினான். திரையில் பாதிக்கு மேல் ஒரே பெரிய கட்டம் விரிந்தது. அடியில் மூன்று சின்னக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டன. பெரியதில் ஷெர்காசியின் மதகுகள். அடுத்து தமாராவின் மேகங்கள். அதற்கடுத்து மெதெரின் பாலங்கள். கடைசியில், நிஜக் கதவுக்குப் பக்கத்து மூலையில், சைகலின் ஏரிகள். பெட்டியின் பட்டன்களும் அதே வரிசை: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அவர் பெரிய கட்டத்துக்கு வருவார். எந்தத் தண்ணீர் கோதுமைக்குப் பாய்கிறது, எந்தத் தண்ணீர் ஆளை அடித்துப் போகும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. வயதைப் பார்த்தார்கள், வரிசை போட்டார்கள். அவ்வளவுதான்.

ஷெர்காசிக்குப் பெரிய கட்டத்தில் ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சீட்டியடித்தார்.

மற்றவர்களின் கட்டம் தெரியவில்லையே என்றால், அதற்கும் அவரிடம் வழி இருந்தது. வார நாட்களில், "சைகல், உன் ஏரி என்ன சொல்லுது, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி" என்பார். மற்றவர்கள் நலனுக்காகக் கேட்பது போல இருக்கும். தனியாக இருக்கும் சனிக்கிழமைகளில் நான்காவது பட்டனை அழுத்திப் பார்க்கலாம்தான். ஆனால் அழுத்தினால் மதகுகள் சுருங்கி மூலைக்குப் போகும். தன் இடத்தில் இன்னொருவரைத் தானே கொண்டுவந்து உட்கார வைப்பது போல ஒரு கூச்சம். மேலும் ஆபத்து என்றால் கம்ப்யூட்டர் கத்தும், கத்தினால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவருடைய முறை வந்தது. ஒரு வாரமாக நல்ல வெயில். மதகுகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஷெர்காசி பச்சைத் தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, எண்ணெயில் பொரித்த பூர்சோக் மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாக அதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மனசெல்லாம் மலை மேல் இருந்தது. போன வாரம்தான் மருமகள் மேரிமையும் பேரன் இலிமையும் ஜைலோவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார். ஜைலோ என்றால் கோடைக்கு மந்தையோடு ஏறிப் போகிற மேய்ச்சல் வெளி. மேரிமின் அப்பா அங்கே தாஷ்-கெச்சூ ஓடைக் கரையில் யூர்ட் போட்டிருந்தார். பையனுக்குக் குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளி. நாற்பது நாள் குதிரைப்பால் கிமிஸ் குடித்தால் சரியாகும் என்று ஷெர்காசிதான் பிடிவாதமாக அனுப்பி வைத்தார்.

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். காலையில் நீலமாக இருந்த ஞாபகம். சைகல் தன் கம்ப்யூட்டர் பின்னணிக்குப் போன வாரம் பூனைப் படம் போட்டிருந்தாள், அதற்கு முன்னால் துலிப் பூ. இந்த வாரம் சிவப்பு போலிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றில் மனசு நிற்காது என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த பூர்சோக்கை எடுத்தார்.

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

"தண்ணி ஆபீஸா? பாலத்த எப்ப தொறப்பீங்க?" மினிபஸ் டிரைவர் ஒருவன்.

"எந்தப் பாலம்?"

"தாஷ்-கெச்சூ பாலந்தான். குறுக்க கம்பு போட்டு நிறுத்தி வச்சிருக்காங்களே. வண்டி நிறைய ஆளு. கல்யாணத்துக்குப் போற கூட்டம். மாப்பிள்ளையோட சித்தப்பா என் காதுகிட்டயே கத்திக்கிட்டிருக்கார்."

"யாரு மூடச் சொன்னது?"

"நீங்கதான்னு சொல்றாங்க. உங்க ஆபீஸ்லேர்ந்துதான் போன் வந்துச்சாம். நீங்க என்னடான்னா என்னையவே கேக்குறீங்க. ஆபீஸ்ல இருக்கீங்களா, தூக்கத்துல இருக்கீங்களா?"

ஷெர்காசி ரிசீவரை வைத்தார். காலையிலிருந்து அந்த அறையில் அவர் ஒருவர்தான். அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. மூலையில் பார்த்த சிவப்பு ஞாபகம் வர, எழுந்து போய் நான்காவது பட்டனை அழுத்தினார்.

மதகுகள் சுருங்கின. மூலையில் இருந்த சிவப்பு, பெரிய கட்டத்துக்கு வந்து நின்றது. கூடவே சத்தம் கிளம்பியது. விட்டு விட்டு அலறுகிற எச்சரிக்கை மணி. நாய் புகுந்த பட்டி போல அறையே அலறியது. தேநீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். மேல் ஏரியின் நீர்மட்டம். காலை முழுக்க நேராக ஓடிவந்த கோடு ஓரிடத்தில் மடங்கிச் செங்குத்தாக இறங்கியிருந்தது. மலை ஏரி நிறைகிறது என்றால் கவனிக்க வேண்டும்; திடீரென்று குறைகிறது என்றால் கவனித்துப் பயனில்லை, ஓட வேண்டும். ஏரியில் இல்லாத தண்ணீர் பாறையையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு ஓடையில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஏரியின் தண்ணீருக்கு ஒரே வழிதான். தாஷ்-கெச்சூ.

மேசையைப் பிடித்துக்கொண்டு மேரிமின் எண்ணைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். அதே குரல். ஜைலோவில் ஒரு மேட்டின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டார். அரை மணி நேரமாகவோ அதற்கு மேலாகவோ மூலையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது, நான் பூர்சோக் தின்றுகொண்டிருந்தேன் என்ற ஒரே நினைப்பு. சைகலைக் கூப்பிட்டார், வேறு அழைப்பில் இருந்தாள். மெதெர் எடுத்தான். பின்னால் லாரி உறுமுகிற சத்தம்.

"மெதெர், ஏரி, மேல் ஏரி" என்றவருக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"தெரியும் பைகே. பதறாதீங்க. நான் பாலத்துலதான் நிக்கிறேன். மீட்புப் படைக்குச் சொல்லியாச்சு, ஜைலோக் காவல்காரங்களுக்கு ரேடியோல சொல்லியாச்சு. ஓடைக்கரையில இருக்குற எல்லாரையும் மேட்டுல ஏத்திட்டதாத்தான் கடைசியா சொன்னாங்க."

"என் பேரன்?"

"எல்லாரையும்னு சொன்னாங்க பைகே. பேர் வாரியா எனக்குத் தெரியல. சைகல் ஆபீசுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கா."

சைகல் வந்து சேர்ந்தபோது அவள் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. முற்றத்தில் கம்பளம் துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே போனோடு அலைந்திருக்கிறாள். வந்ததும் எச்சரிக்கை மணியை நிறுத்தினாள். பெரிய கட்டத்தில் தன் ஏரி இருப்பதைப் பார்த்தாள். பிறகு, பழக்க தோஷம், முதல் பட்டனை அழுத்தி மதகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் கையை நீட்டினாள்.

"தொடாதே" என்றார் ஷெர்காசி. "இது ஏன் முன்னாடியே கத்தல?"

சைகல் தரையைப் பார்த்தாள். "பெட்டி ஒரு கம்ப்யூட்டரோட சத்தத்தைத்தான் வெளிய விடும் பைகே. பெரிய கட்டத்துல யார் இருக்காங்களோ அவங்க சத்தம் மட்டும்."

"இது எப்பலேர்ந்து தெரியும்?"

"மாட்டின அன்னிக்கே மெதெர் சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கள எழுப்பி வேற இடத்துல உக்காரச் சொல்ற மாதிரி ஆயிடுமே பைகே."

"அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நீ வீட்டுல கம்பளம் துவச்சுக்கிட்டிருந்தே."

அவள் செல்போனை எடுத்துக் காட்டினாள். ஏரியில் இருக்கும் கருவி, மட்டம் சரிந்தால் மெசேஜ் அனுப்புகிற மாதிரி மெதெர் எழுதி வைத்திருந்தான். சைகலுக்கு வரும், மெதெருக்கு வரும், தமாராவுக்கும் வரும்.

"எனக்கு வராதா?"

அவள் தரையில் கவிழ்ந்து கிடந்த கிண்ணத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"சைகல். நான் டியூட்டி பாக்குற அன்னிக்கு நீங்க மூணு பேரும் என்ன செய்வீங்க?"

"ரெண்டு பேராவது ஊருக்குள்ளயே இருப்போம் பைகே" என்றாள் மெதுவாக. "முறை வச்சிருக்கோம்."

ஷெர்காசிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மே மாதம் தமாரா தன் சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, கால்வலி என்றாள். மெதெர் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தான்; கேட்டதற்கு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றான். எல்லாம் சனிக்கிழமைகள். எல்லாம் அவருடைய முறை. கண் விஷயத்தை அவர் எத்தனை சாமர்த்தியமாக மறைத்தாரோ அத்தனை சாமர்த்தியமாக அவர்களும் தெரியாத மாதிரி நடித்திருக்கிறார்கள். பெரிய கட்டத்தைக் கேட்டு வாங்கியதாக அல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைத் தோரில் உட்கார வைக்கிற மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு மரியாதை உண்டு, வேலை கிடையாது.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதே நேரத்தில் இவர்கள் அப்படி நடிக்காமல், இவரை நம்பி விட்டுவிட்டு ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போயிருந்தால் என்ற பயமும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். சைகலும் உட்கார்ந்தாள். இருவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஷெர்காசியின் செல்போன்தான் அடித்தது. மேரிம். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல்.

"மாமா, நல்லா இருக்கோம். மேட்டு மேல இருக்கோம். அப்பா, அம்மா எல்லாரும் இருக்காங்க. காவல்காரர் குதிரையில வந்து சத்தம் போட்டாரு, போட்டது போட்டபடி ஓடி வந்துட்டோம். யூர்ட் போச்சு மாமா. அடுப்பு, பால் தோல்பை, எல்லாம் போச்சு. ரெண்டு கன்னுக்குட்டியக் காணல."

"இலிம் எங்க?"

பையன் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "தாத்தா, ஓடை கறுப்பாயிடுச்சு. பாறை எல்லாம் மிதந்துச்சு தாத்தா, நெசமாவே மிதந்துச்சு. என் பூட்ஸ் ஒண்ணு போயிடுச்சு."

"போனா போவுது" என்றார் ஷெர்காசி. "வேற வாங்கலாம்." போனை வைத்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சைகலும் அழுதுகொண்டிருந்தாள்.

மாலை சாய்கிற நேரத்தில் மெதெர் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தான். பாலத்தின் ஒரு கைப்பிடிச் சுவர் போய்விட்டதாம். ஆளுக்குச் சேதம் இல்லை. அந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, பாலத்தைத் தாண்டிப் பாறை உருண்டு போனதைப் பார்த்த பிறகு வாயே திறக்கவில்லையாம்.

"மெதெர், உக்காரு" என்றார் ஷெர்காசி. "ரெண்டு பேரும் கேளுங்க. எனக்குக் கண்ணு தெரியல. பெரிய எழுத்துன்னா படிப்பேன், சின்னதுன்னா எல்லாம் ஒரே கலங்கல்தான். இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத்தான் தெரியாம இருந்துச்சு. திங்கக்கிழமை பிஷ்கேக் போய் ஆஸ்பத்திரியில காட்டுறேன். தலைவருக்கும் நானே சொல்லிடுறேன். வேலைய விட்டு எடுத்தா எடுக்கட்டும்."

பிறகு திரையைக் கைகாட்டினார்.

"ஏரி இப்ப இருக்குற இடத்துலயே இருக்கட்டும். என் மதகை மூலையில போடு."

"பைகே, அது நல்லா இருக்காது" என்றாள் சைகல் அவசரமாக. "சத்தத்துக்கு வேற ஏதாவது வழி பண்ணலாம். தனியா ஒரு ஸ்பீக்கர் வச்சா போதும். உங்க இடத்துல நான் வந்து..."

"வைங்க. ஸ்பீக்கரும் வைங்க. மெசேஜ் எனக்கும் வரணும். ஆனா இது இங்கதான் இருக்கும்." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து, பிறகு தணிந்தது. "ஏம்மா, நான் என்ன இங்க விருந்துக்கா வர்றேன்?"

மெதெர் எழுந்து பெட்டியைத் திருகினான். ஏரியின் எண்களைத் திரை தாங்குகிற அளவுக்குப் பெரிதாக்கினான். சாண் உயரத்துக்கு ஒவ்வொரு எண்ணும் வந்து நின்றது. மேலே ஏரி இன்னும் வடிந்துகொண்டிருந்தது. முதலில் போனதைப் போல இல்லை, நிதானமாக. மட்டம் அடங்குகிற வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புப் படைக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்கெனவே ரேடியோவில் காத்திருந்தார்கள்.

"என் டியூட்டி இன்னும் முடியல" என்று சொல்லி ஷெர்காசி மைக்கை வாங்கிக்கொண்டார். நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக் கண்ணை இடுக்கினார். பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு மூன்றும் எட்டும் ஒன்றுபோலத்தான் கலங்கின.

"மேல் ஏரி. நாலு மீட்டர் முப்பது."

பின்னால் சைகல் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. மைக்கின் பட்டனிலிருந்து அவர் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மூத்தவர் சொன்னதைத் தப்பு என்று சொல்வது அந்த அறையில் இத்தனை வருடத்தில் யாரும் செய்யாத காரியம். சைகல் ஓரடி முன்னால் வந்தாள்.

"இல்ல பைகே" என்றாள். "எம்பது. நாலு மீட்டர் எம்பது."

"சத்தமா சொல்லு."

"தப்பாப் படிச்சிட்டீங்க பைகே. நாலு மீட்டர் எம்பது."

"ம்" என்றார் ஷெர்காசி. மறுபடி விரலை வைத்து அழுத்தினார். "திருத்தம். நாலு மீட்டர் எண்பது" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுகிற அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.